உங்களுக்குத் தெரியுமா? சர்க்யூட் போர்டுக்கு வார இதழ்த் தாள்!

வீட்டிலேயே சர்க்யூட் போர்டு செய்ய விலை கூடிய தாள் வேண்டாம். பழைய வார இதழின் வழவழப்பான பக்கமே போதும். அதில் சர்க்யூட்டின் கோடுகளை லேசர் பிரிண்டரில் அச்சிட்டு, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து இஸ்திரி போட வேண்டும். லேசர் பிரிண்டரின் டோனர் என்பது பிளாஸ்டிக் கலந்த தூள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் அது இளகிச் செம்புத் தகட்டைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடத்துச் செம்பை அரித்தெடுக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசல், டோனருக்கு அடியிலுள்ள செம்பை அரிக்காது. வழவழப்புத் தாளின் மேல் களிமண் பூச்சு உண்டு. டோனர் காகித இழைகளுக்குள் இறங்காமல் தடுப்பது அதுதான். தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு மெல்லத் தேய்த்தால் தாள் கூழாகிப் பிரிந்துவிடும், கோடுகள் தகட்டிலேயே நிற்கும். பக்கத்தில் முன்பே அச்சான எழுத்துகள் பெரும்பாலும் இடைஞ்சல் செய்வதில்லை.

இதழ்த் தாளுக்குப் பதிலாக இங்க்ஜெட் போட்டோ தாளைப் பயன்படுத்தினால் மட்டும் மிகுந்த கவனம் தேவை. சில வகைகளின் பிளாஸ்டிக் பூச்சு, லேசர் பிரிண்டரின் சூடான உருளையில் உருகி ஒட்டிப் பிரிண்டரையே பாழாக்கிவிடும்.