கைக்கேற்ற பிடி

அரிவாளாயினும் சுத்தியலாயினும் கருவியின் பயன் பெரிதும் அதன் பிடியில்தான் இருக்கிறது. இதனைத் தெளிவாகக் காட்டும் ஒரு கருவி, அமெரிக்காவில் பலர் உரிய சட்டங்களுக்கு உட்பட்டு உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் சிறிய ரிவால்வர். அதை வாங்கியவர்களில் பலர் முதலில் மாற்ற விரும்பும் உறுப்பு அதன் கைப்பிடியே. காரணம் என்ன?

1950ஆம் ஆண்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்னும் ஐந்து குண்டு ரிவால்வரை வெளியிட்டது. அதன் குழல் இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. எடை ஏறத்தாழ 550 கிராம். பின்னர் அலுமினியக் கலவையால் செய்த வகைகளில் எடை 425 கிராம் அளவுக்குக் குறைந்தது. சுமப்பதற்கு அது எளிது. சுடுவதற்கோ கடினம்!

நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் அறிவோம். 10 கிராம் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்கிறது என்று கொள்வோம். அப்போது 550 கிராம் துப்பாக்கி வினாடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி உதைக்கும். 425 கிராம் துப்பாக்கியோ 4.7 மீட்டர் வேகத்தில் உதைக்கும். வெளியேறும் வாயுவையும் கணக்கிட்டால் உதை இன்னும் கூடும். குழல் கைக்கு மேலே இருப்பதால் அதன் முனையும் மேல்நோக்கி எழும்.

பிடியால் இந்த உந்தத்தைக் குறைக்க இயலாது. ஆயினும் அதை உள்ளங்கையின் அகன்ற பரப்பில் பகிர்ந்தளிக்கவும், சற்று நீண்ட நேரத்துக்கு நீட்டவும் இயலும். கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னிழுப்பதும் இதே தத்துவம்தான்.

பழைய மரப்பிடி இரண்டு மெல்லிய பலகைகளால் ஆனது. விசைக் காப்பு வளையத்தின் பின்னால் இடைவெளி இருப்பதால், சுடும்போது வளையம் நடுவிரலின் கணுவைத் தாக்கும். சுண்டுவிரலுக்கோ இடமே இல்லை. 'டைலர் டி-கிரிப்' என்னும் சிறு உலோகத் துண்டு அந்த இடைவெளியை மட்டும் நிரப்புகிறது. ரப்பர்ப் பிடி, பின்புற உலோகத்தையும் மூடுமாயின் உதையை நன்கு தணிக்கும்.

அப்படியானால் பெரிய ரப்பர்ப் பிடியே சிறந்ததா? அங்கேதான் சிக்கல். ரப்பர் துணியைப் பற்றிக்கொள்ளும். சட்டை அதில் ஒட்டி உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுக்கும். வழவழப்பான மரமோ துணியில் வழுக்கிச் செல்லும். நீண்ட பிடி மூன்று விரல்களுக்கும் இடம் தரும். ஆனால் மறைப்பதற்கு முதல் தடை அந்த நீளமே.

இனிக் கையின் அளவு. பின்புறத்தை மூடும் பிடி, உள்ளங்கைக்கும் விசைக்கும் உள்ள தொலைவைக் கூட்டுகிறது. சிறிய கை உடையவரின் விரல் நுனி மட்டுமே விசையை எட்டும்; பல கிலோ இழுவிசை தேவைப்படும் விசையை அவ்வாறு இழுத்தால் குறி விலகும். விரல் பள்ளங்கள் செதுக்கிய பிடியும் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பள்ளம் ஓரிடத்திலும் விரல் வேறிடத்திலும் இருந்தால் அது தொல்லையே. இடப்பக்கப் பலகை தடித்திருப்பின், சுட்ட தோட்டாக் கூடுகள் அதில் முட்டி வெளியே விழாமல் நிற்கும்.

பிடியை மாற்றுமுன் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இருமுறை உறுதி செய்தல் வேண்டும். அடிச்சட்டம் உருண்டையா சதுரமா என்று பார்த்து அதற்குரிய பிடியையே வாங்க வேண்டும். பழைய பலகைகளை நெம்பினால் அவை பிளந்துவிடும். திருகாணியைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன் தலையை மெல்லத் தட்டினால் எதிர்ப்பலகை தானே கழன்று வரும்.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். கை வலித்தால் மனிதன் பயிற்சியைத் தவிர்ப்பான். பயிற்சியற்றவன் சுட்ட குண்டு அவன் நினைத்த இடத்துக்குச் செல்லாது. தெருவில் வேறு மனிதர்களும் நடக்கிறார்கள். எனவே பிடி வெறும் அலங்காரம் அன்று. மறைக்க எளிதானதையோ கண்ணுக்கு அழகானதையோ முதலில் தேடாமல், தன் கையை அளந்து, பயிற்சியில் தொடர்ந்து தாங்கக்கூடிய பிடிகளுள் மிகச் சிறியதைத் தேர்வதே அறிவுடைமை.