புதிய சபைகளுக்கு நிலமும் கோவிலும்

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் வழிநடப்போர்க்கு மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் நெடுந்தூரத்திலிருந்தே தோன்றும். 192 அடி உயரமுள்ள அக்கோபுரத்தைக் கண்டு வியப்போர், "இத்துணைப் பெரிய கோவிலைக் கட்டப் பணம் உதவியவர் யார்?" என்று வினவுவது வழக்கம். "இது நிற்கும் மண் முன்னர் யாருக்கு உரியதாயிருந்தது? சபையாருக்கு அது எவ்வாறு கைவந்தது?" என்று வினவுவோரைக் காண்பது அரிது. ஆயினும் புதிதாய்த் தோன்றும் ஒரு சபையின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் இவ்விரண்டாம் வினாவின் விடையையே பற்றி நின்றன. சுவரையும் கோபுரத்தையும் குறித்துப் பலர் எழுதியிருக்கின்றனர். அடிமனையையும் அதன் பத்திரத்தையும் குறித்தே ஈண்டுச் சிறப்பாகக் கூறக் கருதுகிறேன்.

சபை என்பது கட்டடமன்று, கூடிவரும் ஜனங்களே என்பது நாம் அனைவரும் அறிந்தது. மரத்தடியிலும் ஆராதனை நடத்தலாம் என்பர். நடத்தலாம்; ஆனால் அம்மரமும் ஒருவருடைய மரமன்றோ? அவர் "எழுந்து போங்கள்" என்று சொன்னால் எழுந்துதான் போகவேண்டும்.

திருநெல்வேலித் திருச்சபையின் முதற்கோவில் இவ்விடுக்கணுக்கு உட்படவில்லை. பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டு எழுதப்பட்ட சபைப் பதிவில் 40 பெயர்கள் இருந்தன. அச்சபையின் தாய் எனத் தகும் குளோரிந்தா அம்மையார் கோட்டையினுள்ளே சிறு கோவில் ஒன்றைக் கட்டுவித்தார். 1785-ஆம் ஆண்டில் சுவார்ச் ஐயர் அதனைப் பிரதிஷ்டை செய்தார். கோட்டை கும்பினிப் படை இருந்த இடம். அம்மையார் கையில் பொருளும் இருந்தது. அதிகாரிகளின் ஆதரவும் இருந்தது. ஆகவே அங்கே அடிமனையைப் பற்றி அஞ்சவேண்டிய நிலைமை இல்லை.

கோட்டையை விட்டு நாட்டுப்புறம் சென்றபோதுதான் உண்மை நிலை வெளிப்பட்டது. தெற்கே தேரிமணற் பிரதேசத்தில் பனையேறிப் பிழைத்த ஏழைக் குடிகளே பெருந்தொகையினராய்ச் சபையிற் சேர்ந்தனர். அவர்கள் ஏறிய பனையும் குடியிருந்த மனையும் பெரும்பாலும் பிறருடையவை. அத்தகையார் சேர்ந்து எழுப்பிய ஜெபவீடு எப்படியிருக்கும்? நான்கு பக்கமும் பனைமட்டை அடைப்பு, பனங்கையாலாகிய முகடு, மேலே பனையோலை. இரண்டொரு நாளில் கட்டி முடித்துவிடலாம். ஓர் இரவில் ஒரு தீக்கொள்ளியால் அழித்தும் விடலாம். அக்காலத்து மிஷன் வரலாறுகளைப் படிப்போர் கோவில் எரிக்கப்பட்ட செய்தியையும், கூரை பிடுங்கப்பட்ட செய்தியையும் பலமுறை காண்பர். எரிந்த கூரையை மீண்டும் வேய்வது எளிது. மண் பிறருடையதாயிருப்பின், நிலத்துக்குடையவர் தீயையும் தேடவேண்டுவதில்லை. "என் மனையைக் காலி செய்" என்னும் ஒரு சொல்லே போதும். அச்சொல்லால் கோவிலோடு குடும்பமும் வீதிக்கு வந்துவிடும். ஆதலால் அக்காலத்தில் கோவில் மனையும் குடியிருப்பு மனையும் ஒரே வழக்காயிருந்தன என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

இதனை முதலில் உணர்ந்து செயல்பட்டவருள் ஒருவர் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார். 1799-ஆம் ஆண்டில், ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவர் உதவி புரிய, அடையல் என்னும் ஊருக்கு அருகே நிலம் வாங்கப்பட்டது. துன்புறுத்தப்பட்ட குடும்பத்தார் சிலரை அவர் அங்கே குடியேற்றினார். கிறிஸ்தவர்களுக்கென ஏற்பட்ட முதல் ஊர் ஆதலால் அது முதலூர் எனப் பெயர் பெற்றது. அவ்வூரார்க்கு வேறெந்த மாளிகையும் அப்போது கிடைக்கவில்லை. கிடைத்தது மணல், அம்மணல் அவர்களுடையதாயிருந்தது.

ஓர் உபதேசியார் ஓரிடத்தில் செய்த இக்காரியத்தை ஒழுங்கான ஏற்பாடாக ஆக்கியவர் இரேனியு ஐயர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இவர், மக்கள் திரளாகச் சேரச் சேர மனைத்தொல்லை பெருகுவதைக் கண்டார். 1830-ஆம் ஆண்டில் தர்மசங்கம் ஒன்று ஏற்பட்டது. நிலத்தையும் வீடுகளையும் விலைக்கு வாங்கி, துன்புறுவோர்க்கு அடைக்கலமாக்குவதும், அங்கே ஜெபவீடும் பள்ளிக்கூடமும் அமைக்க இடந்தருவதும் அதன் நோக்கம். அயல்நாட்டுப் பணத்தைப் பெற்று ஏழைகளுக்குப் பங்கிடுவது மட்டும் இதன் வேலையன்று. இந்நாட்டுக் கிறிஸ்தவர் தம் இனத்தாருக்காகத் தாமே கூடிச் செய்த தர்மம் என்பதே இச்சங்கத்தின் சிறப்பு.

வெளியிலிருந்து வந்த உதவியும் உண்டு. புலியூர்க்குறிச்சி என வழங்கிய ஊரில் கோவில் கட்டுவதற்குப் பிரஷியா தேசத்துப் பிரபுவாகிய டோனா என்பவர் இரேனியு ஐயருக்குப் பணம் அனுப்பினார். அவர் பெயரால் அவ்வூர் டோனாவூர் ஆயிற்று. கொடுத்தவர் பெயர் ஊருக்கே நிலைத்துவிட்டது. மனையைத் திருத்தி, மண் சுமந்து, நீர் இறைத்த குடிகளின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

இவ்விதம் தனியூர்கள் அமைத்ததைக் குறைகூறினாரும் உளர். புதிய விசுவாசிகளை உற்றார் உறவினரிடமிருந்து பிரித்து, வேலியிட்ட தோட்டம்போல் தனியே வளர்த்துவிட்டனர் என்பது அவர்கள் கூற்று. அதில் உண்மையில்லாமலில்லை. எனினும் பழைய ஊரில் இருக்கவே விடாதபோது, அங்கேயே இருந்திருக்கலாமே என்று நிழலில் அமர்ந்து நாம் சொல்லுவது தகுமோ? தனியூரால் வந்த தீங்கு பின்னாளில் தெரிந்தது. மனையின்மையால் வந்த தீங்கோ அன்றைக்கே தெரிந்தது.

இனி, நிலம் வாங்கினால் மட்டும் போதாது. யார் பெயரால் வாங்குவது என்பதே அடுத்த சிக்கல். தொடக்கத்தில் மிஷனெரி ஒருவர் பெயரிலோ, உபதேசியார் பெயரிலோ, ஊர்ப் பெரியவர் ஒருவர் பெயரிலோ பத்திரம் எழுதுவது எளிதாயிருந்தது. நம்பிக்கைக்குரியவர் இருக்கும்வரை குறையில்லை. அவர் இறந்தால் அவருடைய மக்கள், "இது எங்கள் தந்தையின் சொத்து" என்பர். அவர் வேறு சபையிற் சேர்ந்தால் கோவிலும் அவரோடு போய்விடும்.

1835-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இவ்விஷயத்தில் கருதத்தக்கது. சபை ஒழுங்குகளைப் பற்றிய கருத்து வேற்றுமையால் இரேனியு ஐயர் சர்ச் மிஷன் சங்கத்தினின்று விலக்கப்பட்டார். உபதேசிமாரிலும் சபையாரிலும் பலர் அவரோடு நின்றனர். ஒரே ஊரில் ஒரு சாரார் ஐயரோடும் மற்றொரு சாரார் சங்கத்தோடும் நிற்கும்போது அவ்வூர்க் கோவில் யாருடையது? கூரை வேய்ந்தவருடையதா, நிலத்துக்கு விலை கொடுத்தவருடையதா, பத்திரத்தில் பெயர் எழுதப்பட்டவருடையதா? 1838-இல் ஐயர் காலமான பின்பு பிளவு பெரும்பாலும் நீங்கிற்று. ஆனால் அவ்வினா நீங்கவில்லை. இந்நாட்டில் சபைகள் பிளவுபட்ட இடங்களிலெல்லாம் அது மீண்டும் எழுந்திருக்கிறது.

சட்டம் கண்ட மருந்து, இறவாத ஒருவர் பெயரில் சொத்தை வைப்பது. தனி மனிதர் இறப்பர். பதிவு பெற்ற சங்கம் இறவாது. 1860-ஆம் ஆண்டில் ஏற்பட்ட சங்கப் பதிவுச் சட்டம் இதற்கு ஒரு வழி திறந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அதன் சொத்துக்களை வகிப்பதற்கென்றே ஒரு தர்மகர்த்தா நிறுவனம் கம்பெனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டது. இதனால் சிற்றூர்ச் சபையின் மனையைத் தனியொருவர் விழுங்கிவிடும் அச்சம் குறைந்தது. ஆனால் மருந்துக்கும் ஒரு பின்விளைவு உண்டு. பத்திரம் தொலைவிலுள்ள அலுவலகத்திற்குச் சென்றபின், கோவிலைக் கட்டின சிற்றூரார்க்குத் தம் மண்ணின்மேல் சொல் குறைந்தது. சபைச் சொத்துக்களின் விற்பனையைக் குறித்து அண்மைக் காலத்தில் நீதிமன்றங்களில் வழக்குகள் நடந்திருப்பதை யாவரும் அறிவர். தனியொருவரிடமிருந்து காப்பாற்றும் பூட்டே, சிலர் கையில் மட்டும் திறவுகோலைக் கொடுத்துவிடுவதும் உண்டு.

விலைக்கு வாங்கவே முடியாத இடங்களின் நிலைமை வேறு. செங்கற்பட்டு ஜில்லாவில் மிராசுதார்கள் விளைநிலத்தின்மேல் மட்டுமன்றிச் சேரியின் குடியிருப்பு மனைமேலும் தரிசின்மேலும் உரிமை பாராட்டினர். ஆகையால் அங்கே பணம் கொண்டுபோனாலும் விற்பார் இல்லை. அந்நாட்டில் ஊழியஞ்செய்த ஸ்காட்லாந்து மிஷனைச் சார்ந்த ஆண்ட்ரூ ஐயர், வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த கௌடி ஐயர் முதலியோர் ஆதிதிராவிடரின் நில உரிமைக்காக இராஜாங்கத்தாரிடம் வாதாடினர். 1891-இல் அந்த ஜில்லாக் கலெக்டர் திரமென்கீர் துரை, ஆதிதிராவிடரின் நிலைமையை விவரித்து அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் தரிசு நிலங்களை அவர்களுக்கு வழங்கும் ஏற்பாடு உண்டாயிற்று. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்லப்படுவது அவ்வாறு பிறந்ததே. அந்நிலம் கோவிலுக்காகக் கொடுக்கப்பட்டதன்று, மக்களுக்காகக் கொடுக்கப்பட்டது, அப்படியிருந்ததே நன்று. தன் மனையில் தான் குடியிருப்பவன் தன் கோவிலுக்கு இடந்தேடிக்கொள்வான். ஆண்ட்ரூ ஐயர் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே நிறுவிய மெல்ரோசாபுரம் என்னும் உழவர் குடியிருப்பும் இக்கருத்தையே தழுவியது.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். புதிய சபை ஒரே நாளில் கற்கோவில் கட்டுவதில்லை. கட்ட முயல்வதும் நன்றன்று. முதலில் ஓலைக்கூரை. அடுத்து மண்சுவர். பின்பு செங்கலும் சுண்ணாம்பும். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்நீரும் கருப்புக்கட்டியும் சேர்த்து அரைத்தல் பழைய கொத்தனார் முறை. கருப்புக்கட்டி பனைநாட்டில் குறைவற்ற பொருள். சிற்றூர்களில் வாரநாட்களில் பள்ளிக்கூடமாகவும் ஞாயிற்றுக்கிழமையில் கோவிலாகவும் ஒரே கட்டடம் பயன்பட்டது. சிக்கனத்திற்காகச் செய்த இவ்வேற்பாடு, அயலார் பிள்ளைகளும் வந்து படிக்கும் இடமாகக் கோவிலை ஆக்கிற்று. அதனால் ஊராரின் பகைமை பல இடங்களில் தணிந்தது என்றே எண்ணுகிறேன்.

மெஞ்ஞானபுரத்தில் தாமஸ் ஐயர் காலத்தில் இருந்த பழைய கோவிலை 1845-ஆம் ஆண்டுப் பெரும்புயல் வீழ்த்திற்று. புதிய கோவில் 1847-இல் திறக்கப்பட்டது. கோபுரம் முடிந்ததோ 1868-இல். இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கிய கோவில் 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. முப்பத்து மூன்று ஆண்டுகள்! கூர்நுனி வளைவுள்ள சாளரங்களை முன் கண்டறியாத கொத்தனார்க்குக் காட்டும்பொருட்டு ஐயரே களிமண்ணால் அவற்றின் மாதிரியைச் செய்து கொடுத்தார் என்பர். அத்துணைக் காலம் சென்றதைக் குறையாகச் சொல்லுவாருண்டு. யான் அங்ஙனம் கருதேன். கையில் பணம் உள்ளபோது ஒரு வரிசைக் கல், இல்லாதபோது காத்திருத்தல் என்று எழுந்த கட்டடத்தின்மேல் கடனில்லை. அதற்குள் ஒரு தலைமுறையார் கல்லுடைக்கவும் மரமறுக்கவும் கற்றுக்கொண்டனர்.

பணம் சேர்ந்த வகையும் அறியத்தக்கது. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை. அறுப்பின் பண்டிகையில் படைத்த வாழைக்குலையையும் கோழியையும் தேங்காயையும் ஏலங்கூறுதல். காசில்லாதவர் கொடுத்த கூலியில்லா வேலை. ஏலத்தில் ஒரு தேங்காய் பத்துத் தேங்காயின் விலைக்குப் போவதைக் கண்டு சிரித்த நண்பர் ஒருவர் உண்டு. கோவிலின் கூரை அவ்வேலத்தால்தான் வேயப்பட்டது என்பது அவர்க்குத் தெரியாது.

அமெரிக்காவில் இக்காரியம் வேறு விதமாய் நடந்தது. அந்நாட்டின் மேற்றிசைப் பகுதிகளில் புதிதாய்க் குடியேறினோர்க்கு நிலம் அரிதன்று, பணமே அரிது. 1852-இல் ஆல்பனி நகரில் கூடிய காங்கிரிகேஷனல் சபையார், மேற்கே கோவில்கள் கட்டுவதற்கு 50,000 டாலர் சேர்க்கத் தீர்மானித்தனர். ஏனையோர் 40,000 கொடுத்தால் தாங்கள் 10,000 தருவதாக வணிகர் இருவர் நிபந்தனையுடன் முன்வந்தனர். குறித்ததற்கு மேலாகவே பணம் சேர்ந்தது. 1864-இல் மெதடிஸ்தரும் இதற்கென ஒரு சங்கம் கண்டனர். நன்கொடையோடு கடனும் கொடுத்து, ஒரு சபை திருப்பிச் செலுத்திய பணத்தை மற்றொரு சபைக்குக் கொடுப்பது இத்தகைய சங்கங்களின் வழக்கமாயிற்று. ஒரே ரூபாய் பல கோவில்களைக் கட்டும் இந்த முறை மிக மெச்சத்தக்கது. ஆனால் மாதந்தோறும் வருவாயுள்ள சபைக்கே அது பொருந்தும். மழையையும் பனையின் பதநீரையும் நம்பியவர்க்குத் தவணைக்கடன் கழுத்துச் சுருக்காகும். வேறு தேசத்து முறையைக் கொண்டுவருவோர் முதலில் இங்கே அரிய பொருள் நிலமா பணமா என்று பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இன்றும் நம் மாநிலத்தில் வழிபாட்டுக்குரிய கட்டடம் எழுப்ப ஜில்லா ஆட்சியரின் முன்னனுமதி வேண்டும். புதிய சபைக்கு உதவ விரும்புவோர் சிமெண்டும் கம்பியும் வாங்கித்தர விரைகின்றனர். பட்டாவைச் சரிபார்ப்பதற்கும், வில்லங்கம் தேடுவதற்கும், புறம்போக்கில் கட்டாதிருக்கச் செய்வதற்கும் ஆகும் செலவைத் தருவோர் சிலரே. அச்செலவுக்குக் கல்வெட்டு வைப்பதில்லை என்பது காரணமாயிருக்கலாம்.

உதவி பெற்ற திருநெல்வேலியார் உதவி செய்யவும் கற்றனர். 1903-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவி, நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கல் பகுதிக்குத் தம் செலவிலேயே ஊழியரை அனுப்பினர். வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-இல் அங்கே அத்தியட்சரானார். அங்குள்ள ஏழைத் தெலுங்குச் சபைகளிலும் கைப்பிடி அரிசிக் காணிக்கை வேரூன்றிற்று. பல ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கட்டப்பட்ட தோர்ணக்கல் பேராலயம் 1939-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதில் மெஞ்ஞானபுரத்தைப்போன்ற கூர்ங்கோபுரம் இல்லை. இந்து ஆலயத்தை நினைப்பூட்டும் தூண்களும், பள்ளிவாசலை நினைப்பூட்டும் குவிமாடங்களும் அங்கே நிற்கின்றன.