கடலடிக் குழாய்களைக் காக்கும் கிளைகால்

இயற்கை எரிவாயுக் குழாய்கள் குளிர்காலத்தில் அடைபடுவதற்கு உறைந்த நீரே காரணம் என்று கருதப்பட்டுவந்த நிலையில், அமெரிக்காவைச் சேர்ந்த ஹாமர்ஷ்மிட் 1934இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வடைப்புகள் நீரின் உறைநிலைக்கு மேலான வெப்பநிலையிலும் தோன்றக்கூடிய வாயு ஹைட்ரேட்டுகள் என்பதை நிறுவியது. மிகுந்த அழுத்தத்தில் நீர் மூலக்கூறுகள் கூண்டுகளாக அமைந்து, மீத்தேன் போன்ற வாயுக்களின் மூலக்கூறுகளை உள்ளே அடைத்துக்கொள்வதால் உருவாகும் படிகத் திண்மமே ஹைட்ரேட் ஆகும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் பீறிட்ட எண்ணெயைப் பிடிப்பதற்காக இறக்கப்பட்ட பெரும் எஃகுக் கவிகை, இத்தகைய படிகங்களால் அடைபட்டே பயனற்றுப் போயிற்று.

இக்கூண்டுகள் உருவாகாமல் தடுப்பதில் எத்திலீன் கிளைகால் சிறந்து விளங்குவதற்கு அதன் மூலக்கூறிலுள்ள இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளே காரணம். அவை நீர் மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால், நீர் தனக்குள் ஒழுங்கான படிகமாக இணைவது கடினமாகிறது. வாகன ரேடியேட்டர்களில் குளிர்விக்கும் நீர் உறையாமல் காப்பதும் இதே பண்புதான். தூய எத்திலீன் கிளைகால் ஏறக்குறைய −13 பாகை செல்சியசிலேயே உறைந்துவிட, அதனோடு சம அளவு நீரைக் கலந்தால் உறைநிலை −35 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்பது வியப்புக்குரியது.

நார்வேயின் ஓர்மன் லாங்கே வயலில் இப்பண்பு மிகப் பெரிய அளவில் பயன்படுகிறது. கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், கடலடி நீர் சுழியத்துக்கும் கீழான வெப்பநிலையில் இருக்கும் இடத்தில் அமைந்த அவ்வயலின் வாயு, கடல்மேடை எதுவுமின்றி நேரே நியூஹாம்னா ஆலையை வந்தடைகிறது. இதற்காகக் கரையிலிருந்து தனிக் குழாய்களில் அனுப்பப்படும் கிளைகால், கிணறுகளிலிருந்து வரும் வாயுவோடு கலக்கப்பட்டு, அதிலுள்ள நீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு கரைக்குத் திரும்புகிறது. நீர் 100 பாகையிலும் கிளைகால் 197 பாகையிலும் கொதிப்பதால், கலவையைச் சூடாக்கி நீரை நீக்கியபின் கிளைகாலை மீண்டும் கடலடிக்கு அனுப்ப முடிகிறது. இதே பணிக்குப் பயன்படும், எளிதில் ஆவியாகும் மெத்தனாலின் ஒரு பகுதி வாயுவோடு கலந்து போய்விடுவதால், நீண்ட குழாய்களுக்குக் கிளைகாலே தகுதியானது என்று சொல்வது பொருந்தும்.

எனினும் இச்சுழற்சி தடையற்றதன்று. நிலத்தடி நீரோடு வரும் உப்புகள், நீர் ஆவியான பின்னும் கிளைகாலிலேயே தங்கி, வெப்பமாற்றிகளில் படிந்து அவற்றைக் கெடுக்கக்கூடும் என்பதால், குறைந்த அழுத்தத்தில் கிளைகாலையே ஆவியாக்கி உப்பைப் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. கிளைகாலைச் சுழற்சிக்குள்ளேயே காத்துவைப்பதற்குச் செலவு மட்டும் காரணமன்று; இனிப்புச் சுவையுடைய எத்திலீன் கிளைகால் உடலுக்குள் ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகங்களைச் சிதைக்கும் நஞ்சாகும். எனவே, உணவோடு கலந்துவிடக்கூடிய குளிரூட்டும் அமைப்புகளில், குளிரில் கூடுதலாகத் தடித்து எக்கிகளுக்குச் சுமையேற்றினாலும், நச்சுத்தன்மை மிகக் குறைந்த புரோப்பிலீன் கிளைகாலைப் பயன்படுத்துவதே முறையாகும்.