காந்தப்பாயமும் புள்ளிப் பெருக்கலும்

இரு வெக்டர்களின் எண்மதிப்புகளையும் அவற்றிற்கு இடைப்பட்ட கோணத்தின் கொசைன் மதிப்பையும் பெருக்கக் கிடைப்பது அவற்றின் புள்ளிப் பெருக்கல் ஆகும். இதன் விளைவு ஒரு ஸ்கேலர் அளவாகும். மின்காந்தவியலில் மின்பாயம், காந்தப்பாயம் ஆகிய இரண்டும் இப்பெருக்கலாலேயே வரையறுக்கப்படுகின்றன.

செங்குத்தாகப் பெய்யும் மழையில் வைக்கப்பட்ட பாத்திரத்தின் வாய் கிடைமட்டமாக இருந்தால், அதனுள் பெரும அளவு நீர் விழும். பாத்திரத்தைச் சாய்த்தால் நீரின் அளவு குறையும். வாய்ப்பரப்பு மழையின் திசைக்கு இணையானால், நீர் உள்ளே விழாது. எனவே, ஒரு பரப்பைக் கடந்து செல்லும் அளவைக் கணக்கிட, அப்பரப்பு நோக்கும் திசையும் தேவைப்படுகிறது. இதன் காரணமாகவே பரப்பு ஒரு வெக்டராகக் கருதப்படுகிறது. அதன் திசை, பரப்பின் தளத்திற்குச் செங்குத்தாக அமையும். சீரான புலத்தில் உள்ள சமதளப் பரப்பிற்கு, காந்தப்புல வெக்டர், பரப்பு வெக்டர் ஆகியவற்றின் புள்ளிப் பெருக்கலே காந்தப்பாயம் ஆகும்.

0.02 சதுர மீட்டர் பரப்புடைய ஒற்றைச் சுற்றுக் கம்பிச்சுருளின் தளம், 0.5 டெஸ்லா காந்தப்புலத்துடன் 30° கோணத்தில் உள்ளது எனக் கொள்வோம். இங்கு 30° என்பதை அப்படியே பிரதியிடுவது பிழையாகும். அது தளத்திற்கும் புலத்திற்கும் இடைப்பட்ட கோணம். பரப்பு வெக்டருக்கும் புலத்திற்கும் இடைப்பட்ட கோணம் 60° ஆகும். அதன் கொசைன் மதிப்பு 0.5 என்பதால், காந்தப்பாயம் 0.5 × 0.02 × 0.5 = 0.005 வெபர் ஆகும்.

மூடிய பரப்பில் பரப்பு வெக்டர் எப்போதும் வெளிநோக்கிக் கொள்ளப்படும். எனவே வெளியேறும் பாயம் நேர்க்குறியும், உட்புகும் பாயம் எதிர்க்குறியும் பெறும். பரப்பிற்கு வெளியே உள்ள மின்துகளால் ஏற்படும் மொத்த மின்பாயம் சுழியாவது இதனால்தான்.

சீரான காந்தப்புலத்தில் சுழலும் கம்பிச்சுருளில் புலமும் பரப்பின் அளவும் மாறுவதில்லை. கோணம் மட்டுமே மாறுகிறது. இம்மாற்றமே பாயத்தை மாற்றி, பாரடே விதிப்படி மின்னியக்கு விசையைத் தூண்டுகிறது. சுருள் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட மாறுதிசை மின்னியக்கு விசை கிடைக்கும். கோணம் 90° ஆகும்போது பாயம் சுழியாகிறது. ஆனால் அக்கணத்தில் பாயம் மாறும் வீதம் பெருமமாக இருப்பதால், தூண்டப்படும் மின்னியக்கு விசையும் பெருமமாக அமைகிறது.