ஆபத்தை அளக்க முடியுமா?

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. மழையை அளக்க மழைமானி உண்டு. ஓர் ஊருக்கு வரக்கூடிய ஆபத்தை அளக்க என்ன உண்டு? அதற்கென்று தனிக் கருவி கிடையாது. ஆனால் எளிய கணக்கு ஒன்று உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்து அதைப் போட்டுப் பார்ப்போமா?

இம்மாவட்டத்தின் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் கடல், இடையே நாஞ்சில் நாட்டு வயல்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இங்கே பெய்கின்றன. ஆகவே வெள்ளம், புயல், ஆழிப்பேரலை எனப் பல சீற்றங்களுக்கு இங்கே இடமுண்டு. ஆனால் சீற்றம் வேறு, ஆபத்து வேறு. ஆளில்லாத தீவில் புயல் வீசினால் யாருக்கு நஷ்டம்?

ஆபத்து = சீற்றம் × அதன் பாதையில் இருப்போர் × பாதுகாப்புக் குறைவு

இம்மூன்றில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யந்தான். சீற்றத்தை நம்மால் தடுக்க முடியாது. மற்ற இரண்டையும் குறைக்கலாம்.

முன்னே கடல், பின்னே கால்வாய்

2004 டிசம்பர் 26 அன்று காலை சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. இலங்கை குறுக்கே இருக்கிறதே, குமரிக்கு அலை எப்படி வரும் என்று கேட்பீர்கள். குளத்தில் நிற்கும் கல்தூணைச் சுற்றிச் சிற்றலை வளைவதுபோல, ஆழிப்பேரலையும் இலங்கையைச் சுற்றி வளைந்து வந்தது. பழையாறு கடலில் கலக்கும் மணக்குடியில் பாலம் உடைந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் பலர் மாண்டனர்.

கொட்டில்பாட்டில் கரைக்கு இணையாகச் செல்கிறது அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். படகுப் போக்குவரத்துக்காகத் திருவிதாங்கூர் மன்னராட்சியில் வெட்டப்பட்டது அது. அலையைக் கண்டு ஓடியவர்களில் பலரால் அதைத் தாண்ட முடியவில்லை. அலையின் உயரத்தோடு, தப்பும் வழியில் பாலம் உண்டா என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பது புரிகிறதல்லவா?

எச்சரிக்கை எட்டாத தூரம்

2017 நவம்பர் 29 அன்று இலங்கையை ஒட்டிய கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே ஒக்கிப் புயலாக வலுத்தது. நிலத்தில் ரப்பர் மரங்களும் வாழைகளும் சாய்ந்தன. பேரிழப்போ கடலில்தான் நேர்ந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். முன்பே புறப்பட்டுப் போனவர்களைக் கரையில் சொன்ன எச்சரிக்கை எட்டவில்லை. படகுகளிலுள்ள சாதாரண வயர்லெஸ் அவ்வளவு தூரம் பேசாது. ஆகவே இம்மாவட்டத்தின் ஆபத்து வரைபடம் கரையோடு முடிந்துவிடக் கூடாது. கடலையும் சேர்த்து வரைய வேண்டும். செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலில் செய்தி பெறும் கருவிகள் இப்போது வந்துள்ளன. ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது.

நீங்களும் வரையலாம்

உங்கள் ஊரின் படம் ஒன்றை வரையுங்கள். ஆறு, குளம், கால்வாய், கடற்கரை ஆகியவற்றை நீலத்தில் குறியுங்கள். பெரியவர்களைக் கேட்டு, முன்பு வெள்ளம் ஏறிய இடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டுங்கள். பள்ளி, மருத்துவமனை, முதியோர் வாழும் வீடுகள் சிவப்புக்குள் வருகின்றனவா? அங்கிருந்து மேட்டுக்கு நடந்து சென்று, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரவில் மின்சாரம் இல்லாதபோது அவர்களுக்குச் செய்தி சொல்வது யார் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். படத்தை வகுப்பில் ஒட்டி, ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் திருத்துங்கள். குறை தென்பட்டால் ஆசிரியருடன் சென்று ஊராட்சித் தலைவரிடம் காட்டுங்கள்.