வெல்டிங் படிக்கப் போகிறாளா உங்கள் மகள்?

எங்கள் களக்காட்டுப் பக்கம் பெண்பிள்ளைகளுக்குத் தெரிந்த தொழில் என்றால் பீடி சுற்றுவது, தையல், மிஞ்சினால் நர்ஸிங். என் நாத்தனார் மகள், "திருச்சிப் பக்கம் விடுதியில் தங்கி மூன்று மாதம் வெல்டிங் படிக்கப் போறேன்" என்றதும் வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

"பொட்டப்புள்ளைக்கு நெருப்பு வேலையா மைனி? மூஞ்சியில ஒரு தழும்பு விழுந்தா எவன் கட்டுவான்?" என்று நாத்தனார் அழுதாள். தகப்பன் இல்லாத வீடு. பத்தாவது முடித்து இரண்டு வருடமாகப் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்த பெண். பிடிவாதமாகப் போனாள், முடித்தாள், இப்போது வேலையிலும் இருக்கிறாள். கூடச் சேர்ந்தவர்களில் சிலர் பதினைந்தே நாளில் பெட்டியைக் கட்டிவிட்டார்களாம். இவள் மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

இது பெண்களுக்குப் புதிய வேலை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் கப்பல் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டிங் செய்து கப்பல் கட்டினார்கள். நம் திருச்சியில் 'பெல்' கொதிகலன் தொழிற்சாலை வளாகத்தில் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. கொதிகலனில் குழாய்களை ஒட்டிய இடங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அதில் தெரிந்துவிடும்.

முதல் வாரம் என்ன ஆகும் தெரியுமா? ராடு இரும்புத் தகட்டில் ஒட்டிக்கொண்டு வரவே வராது. "யத்தே, அழுகை அழுகையா வந்துச்சு" என்றாள். ராடின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே ராடின் கனம் அளவே இடைவெளி இருக்க வேண்டும். ராடு கரையக் கரையக் கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். சரியாக வந்தால் காய்ந்த எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் கேட்குமாம். பிறகு மேலே படிந்திருக்கும் கசடைச் சின்னச் சுத்தியலால் தட்டி எடுத்துப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். ராடு ஈரம் பட்டிருந்தாலும் ஓட்டை விழும். நாள் முழுக்கப் பீடி சுற்றிய விரல்கள் அல்லவா, இவளுக்குப் பொறுமை கை கொடுத்தது. மாலையில் மற்றவர்கள் டி.வி. பார்க்க, இவள் வாத்தியாரிடம் கேட்டுத் துண்டுத் தகடு வாங்கி இன்னும் நாலு கோடு போட்டுப் பழகுவாள். இருபதாம் நாளில் கோடு நேராகிவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு ராத்திரி போன் வந்தது. "கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு!" பக்கத்துப் பெண் வேலை செய்தபோது கண்ணாடி இல்லாமல் பார்த்திருக்கிறாள். அந்த வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் உண்டு. பட்ட உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் எரிச்சலும் கண்ணீரும் வரும். "தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதையும் விடக்கூடாது. கசக்காமல், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தத் துணியை மூடிய கண்மேல் வைத்து, கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

அன்று நாத்தனார் "வந்துரு" என்று சொல்ல வாயெடுத்தாள். நான் போனை வாங்கி, "டாக்டர்ட்ட காட்டிட்டு நாளைக்குச் சொல்லு தாயி" என்றேன். கஷ்டப்படுகிற நேரத்தில் வீட்டிலிருந்து வருகிற "வந்துரு"தான் பல பெண்களைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது.

பெட்டியில் நைலான், பாலியஸ்டர் துணி வைக்காதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். முழுக்கை வைத்த கெட்டிப் பருத்திச் சட்டைதான் சரி. துப்பட்டாவும் வளையலும் பட்டறைக்குள் ஆகாது, பின்னலைத் தொப்பிக்குள் செருக வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை ஒட்டும்போது வருகிற புகை சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் கொண்டுவரும். பால் குடித்தால் போதும் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். காற்றோட்டமும் முகக்கவசமும்தான் வழி.

கிராமத்துப் பிள்ளைகளுக்காக 2014-ல் தொடங்கிய தீனதயாள் உபாத்யாய ஊரகத் திறன் திட்டத்தில் தங்கிப் படிக்கும் பயிற்சிக்குச் செலவில்லை. வயது 15 முதல் 35 வரை, பெண்களுக்கு 45 வரைகூட. (நம்மில் சிலருக்கும் இடமிருக்கிறது!) அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரு வருடம், எட்டாவது தேறியிருந்தால் போதும். எங்கள் மாவட்டத்தில் பேட்டையில் ஐ.டி.ஐ. இருக்கிறது.

சேர்க்குமுன் ஒரு நடை நேரில் போய் வாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கையால் வேலை, எத்தனை ராடு தருவார்கள், முகக்கவசம் ஆளுக்கொன்று உண்டா, ராத்திரி வார்டன் யார் என்று கேளுங்கள். விடுதிக் கழிவறையைத் திறந்தும் பாருங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.