தறியில் ஓடும் கையை கம்ப்யூட்டர் புரிஞ்சுக்குமா?

ஆரணியில் ஒரு பட்டுத் தறியை 10 விநாடி வீடியோ எடுத்துப் பாருங்கள். கால் மிதியை அழுத்துகிறது, பாவு பிரிகிறது, நாடா குறுக்கே ஓடுகிறது, அச்சு முன்னால் வந்து ஊடையை நெருக்குகிறது. நமக்கு, 'சேலை நெய்யுறாங்க' என்று பார்த்ததுமே புரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கோ அது வெறும் எண்களின் குவியல். அதில் இருக்கும் கை அசைவை அதற்கு எப்படிப் புரியவைப்பது?

ஒரு போட்டோ போதாதா?

போதாது. ஒருவர் தாரில் நூலைச் சுற்றுகிறாரா, பிரிக்கிறாரா? போட்டோவில் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் அசைவின் திசையில் இருக்கிறது. அதனால் ஃப்ரேம்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எப்படிக் கத்துக்குது?

ஒரு வழி, புள்ளி வைப்பது. கூகுளின் 'மீடியாபைப்' மென்பொருள் ஒரு கையில் மணிக்கட்டு, விரல் மூட்டுகள், நுனிகள் என 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும். அவை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகரும் பாதைதான் 'சைகை'. ஆனால் இந்தப் பாதைக்கு இதுதான் பெயர் என்று முதலில் மனிதர்தான் சொல்லித்தர வேண்டும். அதுவும் ஆயிரக்கணக்கான வீடியோக்களில்.

சென்னையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. ஏஐ4பாரத் ஆய்வாளர்கள் 2020-ல் 'இன்க்ளூட்' என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். இந்திய சைகை மொழியின் 263 சொற்கள், 4,287 வீடியோக்கள். அவர்களின் சிறந்த மாடல் சரியாகச் சொன்னது 85.6 சதவீதம். அதாவது 100 சைகைக்கு 14 தப்பு. சொல்லித்தராத 264-வது சொல்லைக் காட்டினால், தெரிந்ததில் எது கிட்ட வருதோ அதைச் சொல்லும்.

இதில் நெசவாளருக்கு என்ன?

கரூரில் ஊழியர்கள் நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு கைத்துண்டுகளைத் திரும்பத் திரும்ப மடிப்பதாக 2025-ல் செய்தி வந்தது. ரோபோக்களுக்குக் கை வேலை கற்றுத்தரத்தான் அந்த வீடியோக்கள். துண்டு மடிப்பதற்கே இவ்வளவு தேவை என்றால், பல வருஷம் பழகிய நெசவாளரின் கைக்கு என்ன மதிப்பு?

அந்த வீடியோவில் எது சரியான அசைவு, எது பிசகு என்று பிரித்துச் சொல்ல நெசவாளரால்தான் முடியும். நூலின் இழுவையை விரல் உணர்கிறது. கேமராவுக்கு அது தெரியாது. ஆக, இங்கே வாத்தியார் நெசவாளர்தான். நாளைக்குப் புதிதாகத் தொழில் பழகுபவருக்குக் கைப்பிசகைக் காட்டித்தரும் ஆப் வந்தாலும், அதற்குப் பாடம் எடுத்தது அவர் கைதான்.

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காகத் தரவு எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. ஆனால் அது ஆளை அடையாளம் காட்டும் தரவுக்கான சட்டம். முகம் தெரியாமல் பதிவான கைத்திறனுக்கு அதில் தனிப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

எனவே, தறிப் பக்கம் யாராவது கேமராவோடு வந்தால் மூன்று கேள்விகள் கேட்கலாம். வீடியோ யாருக்குப் போகுது? எதுக்குப் பயன்படும்? எங்களுக்கு என்ன கிடைக்கும்? பதிவு ஆரம்பிப்பதற்கு முன்பே பதில் எழுத்தில் வேண்டும். ஒரு முறை மாடல் கற்றுக்கொண்டதை அதிலிருந்து திரும்ப எடுப்பது ரொம்பக் கஷ்டம்.